பதினேழு கட்டத்தில் ஒரு மாப்பிள்ளை

தாமிரபரணி கீழ்க்கரைச் சபைகள் ஐக்கியத்தில் ஒரு முடிவு எடுப்பதென்றால் ஆரம்ப ஜெபம் வேண்டும், வரவேற்புரை வேண்டும், போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்க வேண்டும், அதில் பிழை திருத்த வேண்டும், திருத்தியதை மறுபடி வாசிக்க வேண்டும், யாருக்காவது பொன்னாடை போர்த்த வேண்டும், பருப்பு வடை வர வேண்டும், நன்றியுரை சொல்ல வேண்டும். முடிவு எடுக்காமல் முடிந்த கூட்டங்கள் உண்டு. வடை வராமல் முடிந்த கூட்டம் எதுவும் பதிவேட்டில் இல்லை.

அப்பேர்ப்பட்ட ஐக்கியம் இந்த வருஷம் ஒரே கூட்டத்தில் ஒரு முடிவை எடுத்துத் தொலைத்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கல்யாண ஓலையைக் காகிதத்தில் வாங்கப் போவதில்லை, இணையதளத்தில்தான் பதிய வேண்டும் என்பது அது. ஓலை என்றால் வேறொன்றுமில்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஐயர் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசித்துக் கேட்கிற அறிவிப்பு. இந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றும், தேவாலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வோம். ஓலை வாசிக்காமல் கோயிலில் தாலி கட்ட முடியாது.

முடிவு எடுத்த பத்தாம் நாள்தான் ஐக்கியத்துக்கு இணையதளமே கிடையாது என்பது தெரிய வந்தது. தளம் எங்கே என்று போய்க் கேட்டவன் ஹெப்ரான். வண்ணார்பேட்டையில் ஒரு டயர் கடையின் மாடியில், முகம்மது இப்ராஹிமோடு சேர்ந்து மென்பொருள் செய்து பிழைப்பவன். அவனுக்கும், பேட்டையில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் டெபோராவுக்கும் மே இருபது, புதன்கிழமை கல்யாணம். இருவருக்கும் ஒரே கோயில், இரண்டு பெஞ்சுதான் தூரம். மே மூன்று, பத்து, பதினேழு என்று மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும். அதற்காகத்தான் ஐக்கிய அலுவலகத்துக்குப் போனான்.

"காகிதம் இனி கிடையாதுல்லா. வெப்சைட்டுல போடு" என்றார் செயலர் ஞானையா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெற்றதை அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

"வெப்சைட் எங்கன இருக்கு, ஐயா?"

"நீ என்ன வேல பாக்க?"

"அது செய்யுத வேலதான்."

"பாத்தியா, கர்த்தர் ஆள அனுப்பிட்டாரு" என்றார் ஞானையா, உட்கார்ந்திருந்த மற்றவர்களைப் பார்த்து. அப்படியாக ஹெப்ரானுக்கு வேலை கிடைத்தது. அதன் பெயர் ஊழியம் என்றும், பலன் பரலோகத்தில் என்றும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் படிவத்தைச் செய்துகொண்டு போனான். மணமகன் பெயர் என்று ஒரு கட்டம், மணமகள் பெயர் என்று ஒரு கட்டம், தேதி, கோயில். ஐக்கியக் கமிட்டியின் பதினோரு பேரும் திரையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஒரு கட்டமா?" என்றார் ஞானையா. "நான் நாப்பது வருஷம் சர்வீஸ் போட்டவன். எம்பேருக்கு முன்னால ஒரு வண்டி, பின்னால ஒரு வண்டி பட்டம் நிக்கி. எல்லாத்தையும் ஒத்தக் கட்டத்துல அடைச்சா, எம்பேரும் ஊரான் பேரும் ஒண்ணு போலல்லா தெரியும்?"

இங்கேதான் ஹெப்ரான் தப்பு செய்தான். தொழில் தெரிந்தவன் எவனும் செய்கிற தப்பு. "அதுக்கு வழி இருக்கு ஐயா" என்றான். "தேதிக்கு நாள், மாசம், வருஷம்னு மூணு கட்டம் காட்டுதோம்லா, ஆனா உள்ள ஒரே மதிப்பாத்தான் போய் உக்காரும். அது மாதிரி பேருக்கும் நாமளே ஒரு கட்டம் செஞ்சுக்கிடலாம். பாக்க பலதா இருக்கும், சேமிக்கும்போது ஒண்ணாச் சேரும், திரும்பத் தொறந்தா பழையபடி பிரியும். எத்தன கட்டம் வேணாலும்."

அந்தக் கடைசி மூன்று வார்த்தையை அவன் வாய்க்குள்ளேயே வைத்திருந்தால் எனக்கு இந்தக் கதை எழுதுகிற வேலை இருந்திருக்காது.

"பாக்க பல, உள்ள ஒண்ணு" என்று ஞானையா கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தார். "திருச்சபை மாதிரியே இருக்கே!" பதினோரு பேரும் கை தட்டினார்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது திரையை மறைத்ததால் அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் பார்க்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் பெயருக்கு ஐந்து கட்டம் ஆயிற்று. அதற்கடுத்த கூட்டத்தில் ஒன்பது. அடைமொழிக்கு ஒன்று, பட்டத்துக்கு ஒன்று, பதவிக்கு ஒன்று, அந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவரா என்பதற்கு ஒன்று, ஓய்வுக்குப் பின் சபையில் வகிக்கும் பதவிக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், நடவடிக்கைப் புத்தகத்தில் பதினோரு கையெழுத்து. கமிட்டியின் தலைவர் ஜோஷுவா ஐயர்; ஹெப்ரானின் கோயிலுக்கும் அவர்தான் ஐயர். நல்ல மனுஷன். யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாய்ப் போய் நிற்பவர். புத்தகம் அவர் பக்கம் வரும்போது பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, சிரித்த முகத்தோடு அடுத்தவர் பக்கம் தள்ளுவார். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது சக ஊழியர்கள்மேல் அவிசுவாசம் என்பது அவர் கட்சி.

"ஏலே ஹெப்ரான், உங்க ஆளுக மாப்பிள்ளையத் தேடுதாகளா, கலெக்டரத் தேடுதாகளா?" என்று கேட்டான் இப்ராஹிம்.

கட்டம் கூடக் கூட ஒரு சிக்கல் வந்தது. யாராவது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால், சேர்த்ததைத் திரும்பப் பிரிக்கும்போது எல்லாம் ஒரு கட்டம் நகர்ந்து உட்கார்ந்தது. பட்டம் இல்லாதவனின் அப்பா பெயர் அவன் பட்டமாயிற்று. காலி இடத்தையும் ஒரு துண்டாக எண்ணும்படி ஹெப்ரான் அரை மணியில் சரி செய்திருப்பான். கமிட்டி விடவில்லை. சபையில் எந்த இடமும் காலியாக இருக்கக் கூடாது, விவரம் இல்லாதவர்கள் 'இல்லை' என்று எழுதட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒத்திகையில் பெயிண்டர் ஒருவரின் மகனுக்கு எழுதிய ஓலை "இல்லை இல்லை சாமுவேல் இல்லை" என்று வந்தது. வாசித்துக் கேட்ட கமிட்டி, ஒழுங்காக இருக்கிறது என்றது.

பிறகு உபயம் வந்தது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் பெஞ்சு, டியூப் லைட், மணிக்கயிறு எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். ஃபேன் இறக்கையில்கூட எழுதியிருக்கும். ஃபேன் சுற்றினால் பெயரை வாசிக்க முடியாது என்பதால் கரண்ட் போகும்போது முகம் மலர்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இணையதளத்துக்கும் அந்த மரியாதை உண்டு என்று முடிவாயிற்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உபயதாரர். கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பது சின்ன எழுத்திலும், யார் நினைவாக அந்தக் கட்டம் என்பது பெரிய எழுத்திலும் வந்தது.

சோதனைக்கு மூன்று பெற்றோர்களை உட்கார வைத்தார்கள். மூவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டத்தின் மேல் பெரிதாக என்ன இருந்ததோ அதையே உள்ளேயும் எழுதினார்கள். கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து எழுதித்தான் அவர்களுக்குப் பழக்கம். பத்து வருஷத்துக்கு முன் கர்த்தருக்குள் நித்திரை அடைந்த ஒரு தாசில்தாருக்கு ஒரே பிற்பகலில் மூன்று பெண்களோடு ஓலை பதிவாயிற்று. தாசில்தாரின் மகன் கமிட்டியில் இருந்தார். அப்பா பெயர் சரியாகத் தெரிகிறது என்று திருப்தி தெரிவித்தார்.

ஏப்ரல் இருபதுக்குள் பதின்மூன்று கட்டம் ஆகியிருந்தது. மே இரண்டாம் தேதி சனிக்கிழமைக்குள் ஓலை ஐயர் கைக்குப் போனால்தான் மூன்றாம் தேதி வாசிக்க முடியும். "ஓல வாசிக்காத கல்யாணத்துல நான் வந்து நிக்க மாட்டேன். ஊர் என்ன பேசும்?" என்று டெபோராவின் அப்பா சொல்லிவிட்டார். ஹெப்ரான் கமிட்டியின் கையைக் காலைப் பிடிக்காத குறையாக, "இத்தோட போதும் ஐயா" என்றான்.

"இன்னும் நாலே நாலு" என்றார் ஞானையா. "அப்பா வழிப் பூர்வீக ஊரு. அம்மா வழிப் பூர்வீக ஊரு. அந்த ஊர்ல கோயிலுக்கு எந்தப் பக்கம் வீடு. தாத்தாவோட தாத்தா எந்தச் சேகரத்துக் கோயில்ல ஞானஸ்நானம் எடுத்தாரு. இந்த நாலையும் சேத்து உள்ள ஒரு மதிப்பா வச்சிரு. மாப்பிள்ளைக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. ரெண்டும் பொருந்தினா ஓல ஐயருக்குப் போகட்டும்."

"பொருந்தலன்னா?"

"ஜெபத்துக்குப் போகட்டும். நாங்க எந்தக் கல்யாணத்தையும் தடுக்கவங்க இல்ல. ஜெபிக்கவங்க."

"எத்தன நாளு ஐயா?"

"கர்த்தர் பதில் சொல்லுத வரைக்கும். செல சமயம் அவரு பதில் சொல்லாமலே இருந்திருதாரு."

"ஐயா, இது ஜாதியக் கேக்க மாதிரில்லா இருக்கு" என்றான் ஹெப்ரான்.

அறையில் ஒரு அதிர்ச்சி பரவியது. பல ஆண்டுகளாக அந்தக் கட்டடத்துக்குள் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஞானையா எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்து அசெம்பிளியில் நிற்பதாகவே அவருக்கு நினைப்பு.

"நம்ம சபைல ஜாதி கெடையாது. வாசல்ல கல்லுலயே வெட்டி வச்சிருக்கு. ஜாதியக் கேக்கது பாவம். அதனாலதான் நாம கேக்கல. ஊரக் கேக்கோம். ஊரக் கேக்கது பாவமா? வீடு எந்தத் தெசைனு கேக்கோம். தெச பாவமா? தனித்தனிக் கட்டம், தனித்தனிக் கேள்வி, ஒரு கட்டத்துலயும் பாவம் இல்ல. நாலையும் ஒண்ணாச் சேக்கது கம்ப்யூட்டரு. அதுக்கு ஆத்துமா கெடையாது, நியாயத்தீர்ப்பும் கெடையாது."

பலத்த கைதட்டல். முன்மொழிந்து, வழிமொழிந்து, புத்தகம் சுற்றி வந்தது. ஜோஷுவா ஐயர் கையெழுத்துப் போட்டுச் சிரித்த முகத்தோடு அடுத்தவர் பக்கம் தள்ளினார்.

புறப்படும்போது ஞானையா ஹெப்ரானின் தோளைத் தட்டினார். "ஒன் விஷயம் எனக்குத் தெரியும் தம்பி. நீங்க ஒரு பக்கம், அவுக ஒரு பக்கம். ஒனக்காக நானே மொதல்ல முழங்கால்ல நிக்கேன், கவலப்படாத."

அன்று சாயங்காலம் பேட்டை பஸ் நிறுத்தத்தில் டெபோராவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நாலு கட்டத்தையும் செஞ்சிட்டியா?"

"செய்யுதேன். செய்யச் சொல்லிட்டாங்க, நான் என்ன செய்ய?"

"செய்யச் சொன்னாங்கன்னு கையெழுத்துப் போட ஏற்கெனவே பதினோரு பேரு அங்கன உக்காந்திருக்காங்க ஹெப்ரான். பன்னெண்டாவது ஆள நான் கட்டிக்கிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். சொன்னது கோபத்தில் இல்லை என்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் கமிட்டிக்குப் போய் ஒரு தடை சொன்னான். தொழிலில் உள்ள உண்மையான தடைதான். "ஐயா, நாலு துண்டும் சேந்து ஒரு மதிப்பு ஆகுதுல்லா, அதுக்கு உள்ள ஒரு பேரு வேணும். பேரு இல்லாத கட்டத்த சேமிக்க முடியாது. இது என்னதுனு நீங்களே சொல்லுங்க, அதையே வச்சிருதேன்."

அது என்னது என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் ஆளில்லை. ஒருவர் 'குடும்ப ஒழுங்கு' என்றார். ஒருவர் 'ஆவிக்குரிய பூர்வீகம்' என்றார். அதில் ஆவி எங்கே வந்தது என்று இன்னொருவர் கேட்டு, அந்த இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. வடை வந்தது, ஆறியது. இப்படியே போனால் மே இரண்டுக்குள் இவர்கள் அலுத்துப்போய்க் காகிதத்துக்குத் திரும்புவார்கள் என்று ஹெப்ரான் நம்பத் தொடங்கினான். இரண்டரை மணி நேரம் கழித்து, முன்னாள் தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"'இதர'ன்னு போடுங்க."

அத்தனை முகத்திலும் ஒளி வந்தது. அப்படியே தீர்மானிக்கப்பட்டது. எங்கள் ஐக்கியத்தின் இணையதளத்தில் அந்த மதிப்பின் பெயர் 'இதர'.

மே இரண்டாம் தேதி மாலை கோயில் ஹாலில் திறப்பு விழா. கம்ப்யூட்டர் திரைக்குக் குறுக்கே ரிப்பன் ஒட்டி அதைக் கத்தரித்தார்கள். சபை முழுக்க வந்திருந்தது. சுவரில் பெரிதாகப் படிவம் தெரிந்தது. ஹெப்ரான் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பேசாமல் எழுந்து போய்விடலாமா என்று அவன் கால்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. மூன்றாம் வரிசையில் இருந்த டெபோரா அவனைப் பார்க்கவில்லை.

"மொதல் பதிவு செயலர் குடும்பத்துல இருந்து. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தின எங்க ஓலைய மாதிரிக்குப் போடுவோம்" என்று மைக்கில் அறிவித்தார் ஞானையா. தன் பதின்மூன்று கட்டத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். தன் நான்கு பூர்வீகக் கட்டத்தையும் சொன்னார். ஹெப்ரான் அடித்தான். பிறகு மனைவி பகுதி. பெயர் லில்லி. "பூர்வீக ஊரு எனக்குப் போட்டதையே போடு தம்பி" என்றார்.

முன் வரிசையில் இருந்த லில்லி அம்மாள் எழுந்தார். ஒல்லியான மனுஷி. அசனப் பண்டிகையில் சோறு பரிமாறும்போது தவிர அவர் குரலைச் சபை கேட்டதில்லை.

"அது எங்க ஊரு இல்லல்லா."

"ஏ, நீ உக்காரு."

"கோயில்ல வச்சு எப்படிப் பொய் எழுத? தம்பி, நான் சொல்லுதேன், நீ எழுது." அம்மாள் மேடைக்கு வந்து ஹெப்ரானின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா ஊரைச் சொன்னார். அம்மா ஊரைச் சொன்னார். வீடு கோயிலுக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றார். தாத்தாவின் தாத்தா ஞானஸ்நானம் எடுத்த சேகரத்தையும் சொன்னார். ஹெப்ரான் ஒவ்வொன்றாக அடித்தான். பின் வரிசைகளில் சிலர் மூச்சை இழுத்துக்கொண்டது மேடைவரை கேட்டது. "எங்கப்பா செத்தப்பகூட ஊர்ப் பேரப் போடாமத்தான் நோட்டீஸ் அடிச்சாக. நானும் பேசாம இருந்தேன். எனக்கு அது இப்பவும் ஆறல. பெருசா எழுதுப்பா."

ஹெப்ரான் பொத்தானை அழுத்தினான். எட்டுக் கட்டமும் சேர்ந்து இரண்டு மதிப்பாகி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சுவரில் சிவப்பு எழுத்தில் வந்தது: *இதர பொருந்தவில்லை. இந்தத் திருமணம் ஜெபத்துக்கு அனுப்பப்பட்டது.*

யாரோ ஒரு பையன் சிரித்தான். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஞானையா மைக்கில் "தொழில்நுட்பக் கோளாறு, தொழில்நுட்பக் கோளாறு" என்று சொல்லிக்கொண்டே ப்ரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினார். கூடவே மைக்கும் அணைந்தது. ஜோஷுவா ஐயர் ஒன்றும் புரியாமல் எழுந்து வந்து, "சிஸ்டம் சரியில்லேன்னா பழையபடி காகிதத்துல குடுங்கப்பா, நாளைக்கு நான் வாசிக்கேன்" என்றார். ஹெப்ரான் அந்த இடத்திலேயே, நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் இரண்டு பெயரை எழுதிக் கொடுத்தான். டெபோரா மேடையடிக்கு வந்து அந்தப் பேனாவை வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

முதல் ஓலைக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. பதினேழாம் தேதி மூன்றாம் ஓலையையும் வாசித்து ஐயர் நிமிர்ந்தபோது ஞானையா எழுந்தார். ஹெப்ரானுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர் கையில் இருந்தது நடவடிக்கைப் புத்தகம்.

"ஓலைக்கு ஆட்சேபணை இல்ல. கமிட்டியின் தீர்மானம் ஒன்று உண்டு" என்று வாசித்தார். "நமது இணையதளம் ஜாதி பார்ப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஜாதி பார்க்கும் எதற்கும் நமது சபையில் இடமில்லை. கமிட்டி கம்ப்யூட்டரை வன்மையாகக் கண்டிக்கிறது. அதற்கு ஜாதியைக் கற்றுக் கொடுத்த சகோதரர் ஹெப்ரான் பதினைந்து நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்."

பெண்கள் பக்கத்திலிருந்து டெபோரா எழுந்தாள். "ஐயரே, அதே புஸ்தகத்துல நாலு பக்கம் முன்னால, அந்தக் கட்டங்கள கேட்ட தீர்மானம் இருக்கு. அதையும் வாசிச்சிருங்க. யாரு கேட்டாங்கன்னும் வாசிங்க."

கேட்பது நியாயம்தானே என்று ஐயர் ஞானையாவிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். மனதில் ஒன்றும் இல்லாத மனுஷன், கணீரென்று வாசித்தார். அப்பா வழி ஊர். அம்மா வழி ஊர். கோயிலுக்கு எந்தப் பக்கம் வீடு. நான்காவதை வாசிக்கும்போது குரல் தணிந்தது. முன்மொழிந்தவர் ஞானையா என்றார். வழிமொழிந்தவர் பெயரைச் சொன்னார். ஆமோதித்துக் கையெழுத்திட்டவர்கள் என்று ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெஞ்சில் ஒரு தலை குனிந்தது. பத்துப் பெயர் ஆயிற்று. பதினோராவது கையெழுத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஜோஷுவா" என்று வாசித்தார். "இது என் கையெழுத்துதான். நான் இத வாசிக்கவே இல்ல."

புத்தகத்தை மூடி வைத்தார். அங்கியோடு படியிறங்கி வந்து, சபையார் உட்காரும் முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கோயிலில் பிரசங்கம் நடக்கவில்லை.